பல் டாக்டர் விற்ற கேமரா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கையின் வணக்கம். இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, முடிந்தபோது குளித்து, கிடைத்தபோது தூங்கி, ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் உன் இரண்டு வாலுகளும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதைப் பார்த்து எனக்கு ஏதோ வந்துவிட்டது என்று பதறாதே. உருண்டை என் இடது தோளில் தூங்குகிறாள். கீழே விட்டால் முழித்துக்கொள்வாள். அதனால் பேப்பர் நகராமல் அவளுடைய பவுடர் டப்பாவை மேலே வைத்துவிட்டு ஒரு கையால் எழுதுகிறேன். டப்பா உருளும் போதெல்லாம் வரியும் உருளும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அவருடைய போனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய். "பதினாறு மாசம் ஆச்சே, நடக்குறாளா? போட்டோ அனுப்பு." அதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள், உன் மூத்தவன் ஒன்பதாம் மாதத்திலேயே எழுந்து நடந்து பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டதை ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எத்தனை பக்கம் போனாலும் அத்தனையும் என்னுடையது. முதலில் உன் கேள்விக்குப் பதில்: அவள் நடக்கவில்லை, போட்டோவும் இல்லை. இரண்டும் ஏன் இல்லை என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் எங்கேயும் சிரிக்காதே.

என் போன் செத்த கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். அவளுடைய துணிகளை ஊறவைத்த வாளிக்கு மேலே குனிந்தேன், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், மறுமுனையில் நீ, உன் மூத்தவனின் ஒன்பதாம் மாதம். அவ்வளவுதான், டுபுக்கென்று உள்ளே போய்விட்டது. பதினோராயிரம் படங்கள் அக்கா. அதில் பாதி அவள் கொட்டாவி விடுவதுதான் என்று அவர் சொல்வார், சொல்லட்டும், ஒவ்வொரு கொட்டாவியும் வேறுவேறு. ரிப்பேர்காரர் போனைத் திறந்து மோந்து பார்த்து சோப்பு வாசனை நல்லா இருக்குன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தார். உனக்கு அனுப்பியதாவது இருக்குமே என்று கேட்டால், "இடம் இல்லடி, அழிச்சுட்டேன்" என்றாய். தினம் காலையில் யாரோ அனுப்பும் ரோஜாப்பூ வணக்கங்களுக்கு மட்டும் உன் போனில் எப்படி இடம் இருக்கிறது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்று முடிவெடுத்தேன். கொட்டாவி போனால் இன்னொரு கொட்டாவி வரும். முதல் அடி ஒரு தடவைதான் வரும். அதையாவது தண்ணீருக்குள் போகாத, அழியாத, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி காகிதத்தில் எடுத்து வைக்க வேண்டும். அவர் வேலைக்குப் போன ஒரு கட்டடத்தில் லிப்டு நடுவழியில் நின்றுவிட, அதைச் சரிசெய்ய உள்ளே இறங்கியபோது சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததாம். "கையடக்க பிலிம் கேமரா. ஏற்கெனவே உபயோகித்தது. தானே ஃபோகஸ் செய்யும். அணுகவும்: பல் டாக்டர், இரண்டாம் மாடி." லிப்டு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதில் இது ஒரு லாபம், ஊரில் யார் எதை விற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பழைய பொருள் வாங்கப்போகிறோம், ஏமாந்துவிடக் கூடாது என்று இருபத்திரண்டு கேள்விகள் எழுதி எடுத்துக்கொண்டு, உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவர் வேறு தன் பங்குக்கு, பேட்டரி போடுற இடத்துல பச்சையாப் பூத்திருக்கான்னு பாரு, லென்ஸை வெளிச்சத்துல காட்டி உள்ளே பூஞ்சை இருக்கான்னு பாரு, பின்கதவு ஓரத்துல இருக்கிற கறுப்புப் பஞ்சு உதிருதான்னு தடவிப் பாரு என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் போன நேரம் டாக்டர் ஒருவருடைய வாய்க்குள் பாதி இருந்தார். "கேளுங்கம்மா, நான் வேலை செஞ்சுக்கிட்டே சொல்றேன்" என்றார். நானும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கீழே விழுந்திருக்கிறதா, எத்தனை கை மாறியது, பிளாஷ் வெளிச்சம் குழந்தைக் கண்ணுக்கு ஆகுமா, நிறுத்த மறந்துவிட்டால் சூடேறி வெடிக்குமா. வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தவர் என் ஒவ்வொரு கேள்விக்கும் டாக்டருக்கு முன்னாலேயே கையை ஆட்டிப் பதில் சொன்னார். வெடிக்குமா என்றதற்கு இரண்டு கையையும் விரித்தார். எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

எதற்காக விற்கிறீர்கள் என்பது பதினாறாவது கேள்வி. பேஷண்டுகளின் பல்லைப் படம்பிடித்து வைக்க வாங்கினாராம், ஒரு பல்கூடத் தெளிவாக விழவில்லையாம், மற்றபடி நல்ல கேமராவாம். அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனுஷி ஏன் விழவில்லை என்று கேட்டிருப்பாள். நான் கேட்டது, "இதை யார் வாய்க்குள்ளயாவது விட்டீங்களா டாக்டர்?" அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இல்லம்மா, வெளியே நின்னுதான்." படுத்திருந்தவரும் இல்லை என்று தலையாட்டினார். இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தேன். கிளம்பும்போது டாக்டர் ஒரு சீட்டில் எப்படி உபயோகிக்க வேண்டும் என்று மளமளவென்று எழுதி கேமரா உறைக்குள் வைத்தார். எல்லாம் இதுல இருக்கு, படிச்சிட்டு எடுங்க என்றார். எடுத்துப் பார்த்தேன். பாம்பு ஒன்று மைக்குள் விழுந்து எழுந்து காகிதத்தின் மேல் நடந்து போன மாதிரி இருந்தது. படித்தவள் நான், எழுத்துப் புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தெருமுனையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் பிலிமை மாட்டிக்கொடுத்தார். "முப்பத்தாறு வரும். நடுவுல மட்டும் பின்கதவைத் திறந்துடாதீங்க, எல்லாம் போயிடும்" என்றார். எல்லாம் போயிடும் என்ற சொல்லை என்னிடம் யாரும் சொல்லக் கூடாது அக்கா. வீட்டுக்கு வந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்துக் கதவைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டினேன். உருண்டை அதை உரிப்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டாள். நான் ஒட்ட, அவள் உரிக்க, நான் ஒட்ட. இப்படியே ஐந்து நாள் போனது, ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஒரு கொட்டாவிக்கு நாற்பது எடுத்தவளுக்கு, மொத்தமே முப்பத்தாறு என்றால் விரல் எழும்புமா? சிரிக்கிறாள், எடுக்கலாமா என்று யோசிப்பேன், இதைவிட நன்றாகச் சிரித்தால் என்ன செய்வது என்று விட்டுவிடுவேன். முதல் அடிக்கு வேண்டுமே என்று சேர்த்து வைப்பேன். அவரோ, "பிலிமுக்கும் வயசாகும், அவளுக்கும் வயசாகும். அழுத்து" என்றார்.

ஆறாம் நாள் அழுத்தினேன். பொத்தானைத் தொட்டதும் லென்ஸ் ஸ்ர்ர் என்று வெளியே வரும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், உருண்டை இருந்த இடத்திலிருந்து நாலு காலில் ஓடிவந்து லென்ஸைப் பிடிப்பாள். நானும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் எடுத்தேன், வேறு எப்படி எடுப்பது, விழுந்துவிட்டால்? ஒரு கை அவள் முதுகில், ஒரு கை கேமராவில். கண் வைக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு ஒவ்வொரு தடவையும் படபடவென்று மினுக்கியது. என் பிள்ளையைப் பார்த்து அதற்கும் சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதைக் குறித்து வைத்துக்கொள், பின்னால் வரும்.

பிலிம் தீர்ந்து, தானே சுருட்டிக்கொண்டு, ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து, மூன்றாம் நாள் போனேன். ஸ்டுடியோக்காரர் கண்ணாடி மேஜை மேல் முப்பத்தாறு படத்தையும் வரிசையாகப் பரப்பினார். சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், மேகத்தையா எடுத்தீங்க?" என்று கேட்டார். முப்பத்தாறிலும் நடுவில் ஒரு வெளுத்த உருண்டை. உருண்டைக்கு நாம் சரியான பேர்தான் வைத்திருக்கிறோம். அவளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் என்ன தெளிவு தெரியுமா, அலமாரி மேல் இருக்கிற தூசியை எண்ணலாம், சுவிட்சு போர்டில் எந்தத் திருகாணி இல்லை என்று சொல்லலாம், துணி துவைக்கிற மெஷினின் நம்பர்கூடப் படிக்க முடிந்தது. ஸ்டுடியோக்காரர் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்து, "மெஷின் நல்லா விழுந்திருக்கு" என்றார். உனக்கு அனுப்பலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நீ குழந்தையை விட்டுவிட்டுத் தூசியைப் பற்றிப் பேசுவாய் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பிலிம் மாட்டிக்கொண்டேன், ஆனால் அந்தச் சீட்டைப் படிக்காமல் இனி தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். டாக்டர் எழுத்தை யார் படிப்பார்? நேரே மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், சீட்டைத் திருப்பினார், "காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எதுவும் இல்லையேம்மா" என்று முதலில் குழம்பினார். அப்புறம் வரிசையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி படித்தார். "பச்சை நின்னு எரிஞ்சா எடு. மினுக்கினா எடுக்காதே." அதோடு நிறுத்தி, சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "மூணடிக்குள்ளே போகாதே. கீழே ரெண்டு கோடு போட்டிருக்காரு" என்றார். வரிசையில் நின்ற ஒருவர் அது கதிர் சமாசாரமா இருக்கும் என்றார். மருந்துக்கடைக்காரரும் பல் டாக்டர்கிட்ட எக்ஸ்ரே இருக்குமே, அங்கேயும் இப்படித்தான் தள்ளி நில்லுன்னு போட்டிருக்கும் என்றார். நான் சீட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

அக்கா, நான் இயற்பியல் படித்தவள். ஒளியியலில் அறுபத்தெட்டு வாங்கியவள். லென்ஸுக்கு மிக அருகில் பொருள் இருந்தால் என்ன ஆகும் என்று படம் வரைந்து அம்புக்குறி போட்டு இரண்டு பக்கம் எழுதியவள். அந்த இரண்டு பக்கமும் அந்த நேரத்தில் எங்கே போயின என்று தெரியவில்லை. முப்பத்தாறு தடவை பிள்ளைக்குக் கதிர் பாய்ச்சிவிட்டேனே என்று ஓடி வந்து, கேமராவைத் துண்டில் சுற்றி, அதைப் பாத்திரத்தில் வைத்து மூடி, பரணில் ஏற்றினேன். அவள் தலைமுடி உதிர்கிறதா என்று எண்ணப் பார்த்தேன். முதலில் எத்தனை இருந்தது என்று தெரியாததால் கணக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் நடக்கவில்லையோ என்று ஒரு எண்ணம் வந்தது. கேமரா வாங்கியதற்கு முன்னாலிருந்தே அவள் நடக்கவில்லை என்பது எனக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பக்கத்து வீட்டுப் போனை வாங்கி டாக்டருக்குப் போட்டேன்.

"டாக்டர், உங்க கேமராவுல கதிர் ஏதாவது வருமா?"

"எதும்மா?"

"மூணடிக்குள்ளே போகாதேன்னு எழுதியிருக்கீங்களே."

"அட, அதுக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாதும்மா. மூணடி தள்ளி நின்னாத்தான் தெளிவா விழும். எனக்குப் பல்லு விழாததே அதனாலதான்."

"மூணடியா? அவ என்னை விட்டு மூணடி தள்ளி இருந்ததே இல்லையே டாக்டர்."

"எத்தனை மாசக் குழந்தை?"

"பதினாறு."

"அப்போ கேமராவுல கோளாறு இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். யாரோ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்களாம்.

நீயும் இதைத்தான் பத்து மாதமாகச் சொல்கிறாய், தெரியும். 'கீழே இறக்கி விட்டாத்தானேடி நடப்பா' என்பதை உன் குரலிலேயே இப்போது கேட்கிறேன். ஆனால் அவள் பிறந்ததும் பத்தொன்பது நாள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது என்னோடு நின்றது நீதான். தொடக் கூடாது, தள்ளி நின்னு பாருங்க என்று நர்ஸம்மா சொன்ன இடத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் அன்றைக்கு அளக்கவில்லை. மூன்றடிதான் இருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் பேப்பர் நனையும், பவுடர் டப்பாவும் தாங்காது, விடு.

விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் வேலைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, கட்டிலிலிருந்து சரியாக மூன்றரை அடி அளந்து, லிப்டு ரிப்பேர் நடக்கும்போது ஆட்கள் உள்ளே வராமல் இருக்க ஒட்டுவார்களே, மஞ்சளும் கறுப்புமாக, அந்த ஒட்டு நாடாவைத் தரையில் நீளமாக ஒட்டிவிட்டார். "அவ கட்டிலைப் பிடிச்சு நிக்கட்டும். நீ இந்தப் பக்கம் நில்லு. கோட்டைத் தாண்டக் கூடாது" என்றார். ஆளைப் பார், பெண்டாட்டியை லிப்டுப் பள்ளத்தில் விழப்போகிறவள் மாதிரி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கேமரா பரணிலேயே இருக்கட்டும், முதலில் நடக்கட்டும் என்று நான்கு நாள் முயற்சி செய்தேன். அவள் கட்டிலைப் பிடித்து நிற்பாள், என்னைப் பார்ப்பாள், கீழுதட்டைப் பிதுக்குவாள், நான் அந்தப் பக்கம் இருப்பேன். நான்கு நாளில் கோட்டை நான் தாண்டியது பதினோரு தடவை. அவள் ஒரு தடவைகூட இல்லை. கடைசியில் அவள் கோடு வரைக்கும் தவழ்ந்து வந்து உட்கார்ந்து அந்த நாடாவையும் உரிக்க ஆரம்பித்திருந்தாள். அவரிடம் அழுதால், லிப்டே சில நாள் கதவு திறந்து மூடிக்கிட்டே நிக்கும், அப்புறம் தானாப் போகும் என்கிறார். என் பெண் லிப்டா?

ஆகையால் அக்கா, இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். உன் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைகளில் வருகிற எலும்பு டாக்டரிடம் எப்படியாவது ஒரு நேரம் வாங்கிவிடு, நீ ரிசெப்ஷனில் உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு இதுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை. குழந்தை டாக்டர் பதினெட்டு மாசம் வரைக்கும் பொறுக்கலாம் என்றார்தான், ஆனால் அவர் பொறுப்பார், அவருக்கு என்ன. அதற்கு மறுநாள் சனிக்கிழமை நீயே இங்கே வந்து அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு போய்விடு. உன் பிள்ளைகள் உன்னை விட்டு மூன்று தெரு தள்ளித்தான் எப்போதும் இருப்பார்கள், அவர்களுக்கு அது நன்றாக விழும். என்னால் அது முடியாது, அது எனக்கான சாமான் இல்லை. கிட்டே நின்று பார்க்கிற மாதிரி ஒன்றை யாராவது விற்றால் சொல். வரும்போது தயவுசெய்து ஒன்பதாம் மாதக் கதையை மட்டும் எடுக்காதே.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல். வாலுகள் இரண்டுக்கும் கன்னத்துக்கு ஒன்றாக நாலு முத்தம். உருண்டை தூக்கத்தில் உனக்கு ஏதோ சொன்னாள், நல்லதாகத்தான் இருக்கும். அவர் சார்பாகவும் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இடது தோள் மரத்துப்போன
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் படிக்காதே. படித்துவிட்டால் மறந்துவிடு. இன்று காலை, எலும்பு டாக்டருக்குக் காட்ட இவள் நிற்கிற நிலையை ஒரு படம் எடுத்து உள்ளே வைக்கலாம் என்று கேமராவைப் பரணிலிருந்து இறக்கினேன். கட்டிலோரம் அவளை நிறுத்தினேன். ஒரு கையில் பல் டாக்டரின் சீட்டு, இன்னொரு கையில் பிளாஸ்திரிச் சுருள், இரண்டையும் கொடுத்தால்தான் அழாமல் நிற்கிறாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். பொத்தானைப் பாதி அழுத்தினேன், ஸ்ர்ர் என்று லென்ஸ் வந்தது, பச்சை முதன்முதலாக நின்று எரிந்தது. லென்ஸைப் பிடிக்க வர வேண்டும், தவழக் கை வேண்டும், இரண்டு கையிலும் சாமான். கீழே வைக்க மனசில்லை. என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். நடந்துவிட்டாள் அக்கா. எனக்குக் கண் வைக்கிற ஜன்னலில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி பாதி அழுத்தினேன், நின்று எரிந்தது. நான் நகரவில்லை, சத்தியமாக நகரவில்லை. மறுபடி அழுத்தினேன், மினுக்கியது. மூன்றடிக்குள் வந்துவிட்டாள் என்று அந்த விளக்கு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் எடுக்காதே என்று எழுதியிருக்கிறார். எடுத்தேன். மங்கலாகத்தான் இருக்கும், ஸ்டுடியோக்காரர் மறுபடி மேகமா என்று கேட்பார், கேட்கட்டும். அந்த மேகத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறேன், தெளிவாக இருந்தால்தான் அவள் வரவில்லை என்று அர்த்தம்.

எலும்பு டாக்டர் வேண்டாம். கேமராவைத் தரமாட்டேன், கேட்காதே. சனிக்கிழமை மட்டும் கட்டாயம் வா, ஆனால் கதவைத் தட்டிவிட்டு உடனே தள்ளாதே, அவள் பின்னால் நின்றாலும் நிற்பாள். மாடிப்படிக்கு வைக்கிற மாதிரி பழைய கம்பிக் கதவு யாராவது விற்கிறார்களா என்று அவரை லிப்டுகளில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வாளிகளையெல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறேன், இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய்ப் பிடித்து வந்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் எழுத்து நேராக இருப்பதைக் கவனித்தாயா? இடது கை காலியாக இருக்கிறது. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.